தீப்பெட்டி அளவுப் பாக்கெட்

"என்னக்கா இது, மறுபடியுமா!"

பயிற்சி மையத்துக்கு வந்து ஒரு வாரமே ஆன தையல் டீச்சர், கைப்பையின் உள்பக்கத்தை வெளியே புரட்டிக் காட்டினாள். லைனிங் துணிக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பாக்கெட்.

"சாம்பிள்ல இது இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"நேத்துதானே பத்துப் பையில பிரிச்சோம்? படிச்சுப் படிச்சுச் சொல்றேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கறீங்க. என்னைவிட மூத்தவங்களாச்சேன்னு பாக்கறேன். இதுல ஒரு சீப்புகூட நுழையாது. எதுக்குத்தான் இது?"

"ஒரு சீட்டு நுழையும் டீச்சர்."

"என்ன சீட்டு?"

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"வேலை வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போய் என்னை வித்த இடத்துல, போன், பை, செருப்பு எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க. பாவாடைப் பட்டிக்குள்ள வச்சுத் தச்சிருந்த என் தங்கச்சி நம்பர் மட்டும் தப்பிச்சுது. அதாலதான் இன்னிக்கு இங்க உக்காந்து உங்ககிட்ட திட்டு வாங்கறேன். இந்தப் பையை வாங்கப்போறவ யாரோ, அவளுக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

'இங்கே யாரிடமும் பழைய கதை கேட்காதே' என்று, சேர்ந்த அன்று நிர்வாகி சொன்னது டீச்சருக்கு இப்போதுதான் உறைத்தது. பாக்கெட்டை மறுபடி தடவிப் பார்த்தாள். முகத்தில் கடுகடுப்பு குறையவில்லை.

"இப்படியா தைக்கறது? விரல் வச்சதுமே நானே கண்டுபிடிச்சுட்டேன், அவனுங்க கண்டுபிடிக்க மாட்டானுங்களா? எல்லாத்தையும் பிரிங்க. யார் கைக்கும் தட்டுப்படாம எப்படித் தைக்கறதுன்னு காட்டறேன்."