கடைசிக் குறி

கறம்பக்குடி தைலமரக் காட்டில் சாரணியர் முகாம். தரையில் போட்ட குறிகளைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கும் தேர்வு முடிந்து, அமராவதி டீச்சர் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று விரல் சல்யூட்டோடு வந்து நின்றாள் சுகுணா.

"அம்புக்குறியாப் பாத்து நடந்து நடந்து காலே போச்சு டீச்சர். கடைசிக் குறி எங்கிட்டு?"

"பரவால்லடி, வீட்டுக்குப் போ."

"வட்டத்துக்குள்ள புள்ளியப் பாத்தாத்தான் வீட்டுக்குப் போகணும்னு சொன்னதே நீங்கதானே? அதப் போடாம விட்டுட்டு, டீச்சராம் டீச்சர்!"

அமராவதி குச்சியால் மண்ணில் வட்டம் போட்டு, நடுவே புள்ளி வைத்தார். சுகுணா சாரணியர் முறைப்படி இடக்கை குலுக்கி, "வாரேன் டீச்சர்" என்று துள்ளி ஓடினாள்.

அணித் தலைவி கார்த்திகா வந்தாள். "எல்லாரும் வந்தாச்சே, இந்தக் குறி யாருக்கு டீச்சர்?"

"சுகுணாவுக்கு."

"நம்ம குழுவுல அப்படி யாருமில்லையே?"

"பதினெட்டு வருஷத்துக்கு முந்தி இருந்தா. இதே காட்டுல தொலைஞ்சுட்டா. அன்னிக்குக் கடைசிக் குறி போட நான்தான் மறந்துட்டேன். இன்னிக்காச்சும் வீடு போய்ச் சேரட்டும்."