நாலு மணிக் கடிதம்

“யாரும்மா செத்தது?” என்று விக்னேஷ்குமார் சென்னையிலிருந்து தொலைபேசியில் கேட்டதும், கிளாராவின் கை தானாக உயர்ந்து நெற்றியில் சிலுவை இட்டது. நாகல் நகர் வீட்டின் முன்னறைக் கடிகாரம் மூன்றே காலைக் காட்டிக்கொண்டிருந்தது.

“எங்க வீட்ல யாரும் சாகலையே சார்.”

“அப்ப லெட்டர்ல எதுக்கு அந்த வார்த்தை? பன்னெண்டாம் நம்பர் டெம்ப்ளேட். ஒரு ஆஸ்பத்திரி எடுத்திருக்காங்க. ‘செத்த’ன்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டுச்சாம், இப்படியா மரியாதை இல்லாம எழுதுவீங்கன்னு மேனேஜர் திட்டுறாரு. நாலு மணிக்கு நூத்திப் பத்து பேருக்கு மெயில் போகணும்.”

“சார், அது எங்க ஊருப் பக்கம்...”

“இன்னொரு கால் வருது. வைக்கிறேன்.”

விக்னேஷ்குமாரின் விளம்பர நிறுவனத்துக்கு மின்னஞ்சல் மாதிரிகளை எழுதித் தருவது கிளாராவின் தொழில். வாடிக்கையாளர்கள் அவற்றை எடுத்து, தத்தம் பெயரையும் முத்திரையையும் பொருத்தி, தாமே எழுதியவைபோல அனுப்பிக்கொள்வார்கள். எழுதியவள் யாரென்று வாங்கியவருக்கும், வாங்கியவர் யாரென்று எழுதியவளுக்கும் தெரியக்கூடாது என்பது ஒப்பந்தம். ஒயிட் லேபிள் என்று அதற்குப் பெயர்.

அவள் மடிக்கணினியில் பன்னிரண்டாம் மாதிரியைத் திறந்தாள். வீட்டில் பேசுவதுபோல் இதமாக இருக்கட்டும் என்று விக்னேஷ்குமார் கேட்டதற்கிணங்க, அடுப்பு பழுதுபார்ப்பவர்களை மனத்தில் வைத்து ஆறு மாதத்துக்கு முன் எழுதியது அது.

“செத்த நேரத்தில் உங்களை அழைக்கிறோம். அதுவரை கவலைப்பட வேண்டாம்.”

அடுப்புக்காரர் சொன்னால் அது கொஞ்ச நேரம். அறுவை அரங்கின் வாசலில் அப்பாவுக்காகக் காத்திருப்பவனிடம் மருத்துவமனை சொன்னால் என்ன பொருள் தரும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“ஏன்டி மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்கு?” அடுக்களையிலிருந்து வந்த அம்மா ஆனந்தமேரி திரையைக் குனிந்து படித்தாள். “நல்லாத்தானே எழுதியிருக்க. செத்த நேரத்தச் செத்த நேரம்னு சொல்லாம, மெட்ராஸ்காரனுக்கு நிமிசக் கணக்கா சொல்ல முடியும்? இதுக்கா இம்புட்டுப் பயம்?”

“ஆஸ்பத்திரியில இருந்து போகுதும்மா.”

ஆனந்தமேரி இன்னொரு முறை படித்தாள். “மாதாவே” என்றாள் மெதுவாக. “அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு போனப் போட்டுச் சொல்லிரு.”

“எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாது.”

“நீ எழுதுன லெட்டரு யாருக்குப் போகுதுன்னு ஒனக்கே தெரியாதா? என்னடி வேல இது?”

“தெரியாம இருக்கிறதுதாம்மா வேலையே.”

தானே திருத்திவிடலாமென்றால் அதற்கும் வழியில்லை. சென்ற மாதம் ‘நீ’ என்பது மரியாதைக் குறைவென்று கருதிய விக்னேஷ்குமார், ஒரே தட்டலில் எல்லா மாதிரிகளிலும் அதைத் ‘தாங்கள்’ என்று மாற்ற, ஒரு குடிநீர் நிறுவனம் ‘சுத்தமான குடிதாங்கள்ர்’ விற்கத் தொடங்கியது. எழுத்துப் பிழை எழுதியவளுடையதே என்று முடிவாகி, அன்றிலிருந்து கோப்புகளை அவளால் பார்க்க மட்டுமே முடிகிறது.

அவர் எண்ணை மீண்டும் மீண்டும் அழைத்தாள். ஒவ்வொரு முறையும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகவே பதில் வந்தது. மூன்று நாற்பதுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: “சார், அந்தச் சொல் என் தவறு. நாலு மணிக்குள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.”

பத்து நிமிடம் கழித்து அவர் அதைப் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

“நூத்திப் பத்துப் பேர்ல நம்ம ஊருக்காரங்க ரெண்டு பேராச்சும் இருக்க மாட்டாங்க?” என்றாள் ஆனந்தமேரி. “அவங்களுக்குப் புரிஞ்சிரும்ல.”

“மிச்சம் நூத்தியெட்டுப் பேரு?”

இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நான்கைத் தொட்டது, கடந்தது. முகமறியாத யாரோ ஒருவருடைய கைபேசி இந்நேரம் அதிர்ந்திருக்கும் என்று கிளாரா நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க அவளால் இயலவில்லை.

நான்கு மணி மூன்று நிமிடத்துக்கு அவள் கைபேசி ஒலித்தது.

“மெயில் போயிருச்சா சார்?”

“கரெக்டா நாலு மணிக்குப் போயிடுச்சு.”

கிளாரா விசும்பத் தொடங்கினாள்.

“ஏன் அழறீங்க? உங்க மெசேஜைப் பார்த்துட்டு, நானே ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ல உள்ள போய் மாத்திட்டேன். அதுக்கப்புறம்தான் போச்சு.”

அவள் ‘சரியாயிருச்சு’ என்று அம்மாவுக்குத் தலையசைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ரொம்ப நன்றி சார். ‘சற்று நேரம்’னு போட்டுட்டீங்கல்ல?”

“வாக்கியத்துல எல்லாம் கை வைக்கலம்மா, ‘செத்த’ங்கிறத மட்டும் மரியாதையா ‘காலமான’னு மாத்திட்டேன்.”