தாரை வார்க்கும் தண்ணீர்

"மாத்திரை போடாமலா மணையில வந்து உக்காந்தீங்க?"

"போட்டா தலை சுத்துதே. சபையில விழுந்து வைக்கவா?"

பாபநாசத்துக் கல்யாண மண்டபத்தில், செம்பை ஏந்தி நிற்கும் மனைவி அகிலாண்டத்துக்குத் துரைராசு உதடு அசையாமல் பதில் சொல்கிறார். வயதானால் ஹார்மோன் மாறிப் புராஸ்டேட் சுரப்பி வீங்கும், உங்களுக்கு அழற்சியும் சேர்ந்திருக்கிறது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபோது, யாருடைய உடம்பைப் பற்றியோ பேசுவதாகத்தான் அவருக்குப் பட்டது. இப்போது அடிவயிறு கல்லாய்க் கனக்கிறது. ஐயர் கைகாட்டுகிறார். மாப்பிள்ளையின் கைமேல் மகள் குந்தவையின் கை. இரண்டையும் தாங்கியிருக்கிறார் துரைராசு. தண்ணீர் மெல்லிய நூலாக இறங்கிப் பித்தளைத் தாம்பாளத்தில் சளசளக்கிறது. அந்த ஓசைக்கே அவர் தொடைகளை இறுக்குகிறார்.

"மதகை நல்லாத் தெறந்து விடு தங்கச்சி, நம்ம ஊரு என்ன கடைமடையா?" என்கிறார் மைத்துனர். சம்பந்தி வீட்டார் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

"சார், தண்ணி விழுறது சரியா வரல. இன்னொரு தடவ ஊத்துங்கம்மா."

வீடியோக்காரர் விளக்கை அருகில் கொண்டுவருகிறார். பட்டு வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றும் பளீரென்று தெரிகிறது. செம்பு மறுபடி சாய்கிறது. குந்தவை நிறைந்த கண்களோடு அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவர் கையில் விழும் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. தொடைக்கடியில் வெதுவெதுப்பாகப் பரவுகிறது.

"அகிலாண்டம், கை தவறுன மாதிரி செம்பை என் மடியில கவுத்திடேன்."