மீன்கொத்தியின் கண்

அவள் பெட்டியின் மூடியை மறுபடியும் விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தாள்.

வெள்ளி மூடி. அதன்மேல் எனாமலில் ஒரு மீன்கொத்தி. உடம்பெல்லாம் அப்படி ஒரு நீலம்.

கண் மட்டும் இல்லை.

கண் இருக்க வேண்டிய இடத்தில் மிளகளவுக்கு ஒரு குழி. குழிக்குள் வெறும் வெள்ளி.

பெட்டியைக் கொண்டுவந்த கோத்தகிரி இஸ்ரவேல் கேட்டது கீலுக்கு ஒரு புது ஆணி. அவ்வளவுதான். அந்த வேலையை அவள் இன்னும் தொடவில்லை.

அடியிலிருந்த முத்திரையின்படி, பெட்டியைச் செய்தவள் ஓர் ஆங்கிலேயப் பெண். நூறு வருடத்துக்கு முன், இயந்திரமே ஆகாது, எல்லாம் கைதான் என்று பிடிவாதம் பிடித்த கூட்டத்தைச் சேர்ந்தவள். அப்பேர்ப்பட்டவளா கண்ணை மறப்பாள்?

லென்ஸை வைத்துப் பார்த்தாள். விளிம்பில் உடைசல் இல்லை. அப்படியானால் கண் விழவில்லை. வைக்கவே இல்லை.

ஏன்?

குழியின் அடியில் முடி போன்ற கீறல்கள், நடுவிலிருந்து சுற்றிலும் விரிந்து. எனாமல் தூள் உருகிப் பிடிப்பதற்காக இவளும் இப்படித்தான் கீறுவாள். எல்லாம் தயார் செய்துவிட்டு, தூளைப் போடாமல் எழுந்து போயிருக்கிறாள் அந்த மகராசி. காய்ச்சலா? கல்யாணமா? யாரோடாவது சண்டையா?

இவளுடைய சாப்பாடு தட்டிலேயே ஆறிக் கிடந்தது.

இவள் சுவாமிமலையில் சிலை வார்க்கும் வீட்டுப் பெண். கண் திறக்காத சிலை அங்கே பட்டறையை விட்டு வெளியே போகாது. இந்தப் பறவையை மட்டும் எப்படி அனுப்புவது?

கறுப்புத் தூளைக் குழைத்துக் குழியில் நிரப்பினாள். மூடியைக் கழற்றிச் சூளைக்குள் வைத்தாள். சூடு கொஞ்சம் பிசகினால் அந்த நீலமெல்லாம் விண்டு போகும்.

போகவில்லை.

ஆறியதும் எடுத்தாள். வழவழவென்று கறுத்த கண். முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரியின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம். அதே வேகத்தில் கீலுக்கும் புது ஆணி போட்டு முடித்தாள்.

மறுநாள் இஸ்ரவேல் வந்தார். மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். கீல் நன்றாக வேலை செய்கிறது என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, பெட்டியை இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார்.

அவள் பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

"ஏனுங்க, கண்ணைக் காணோமே?"

அவள் கறுப்புக் கண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அதில்லீங்க. எந்த மூலைக்குப் போனாலும் நம்மளையே பாத்து மின்னுமுங்க. எங்கம்மா கடைசி வரைக்கும் அதுகூடத்தான் பேசிட்டு இருந்தாங்க."

குரலில் கோபமில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தக் கீறல்கள் வெறும் வெள்ளியில் வெளிச்சம் பட்டு மின்னத்தான் என்று இப்போது புரிந்தது. உருகி ஒட்டியதைச் சுரண்டினால் அவையும் சேர்ந்து போய்விடும்.

அவர் இன்னும் பெட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போய் ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டாள்.