இரண்டாவது திரை

மேகலா வேலை பார்க்கும்போது, கணவன் சிபி வலதுபக்க நாற்காலியில் உட்கார்ந்து அதே கணினியின் இரண்டாவது மானிட்டரில் கிரிக்கெட் பார்ப்பான். மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபோது அந்த மானிட்டரைக் கொண்டுபோய்விட்டான். அதைச் செருகியிருந்த அடாப்டரை மட்டும் கணினியிலேயே மறந்துவிட்டான். அதனால் கணினியை இயக்கும் லினக்ஸ் இன்னும் இரண்டு திரைகள் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. மவுஸ் அம்பு வலது ஓரத்தைத் தாண்டி வெறுங்காற்றுக்குள் போய்விடும். திறக்கிற கோப்பெல்லாம் அங்கேதான் போய்த் திறக்கும். எரிச்சலோடு அவனை வீடியோவில் அழைத்தாள்.

“டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெண்டு கட்டம் தெரியுதா? ரெண்டாவத ஆஃப் பண்ணிடு, அவ்வளவுதான்,” என்றான், வாயில் தோசையோடு.

அந்தப் பொத்தான்மேல் அம்பை வைத்தவள், அழுத்தவில்லை. அவன் முகமிருந்த விண்டோவைப் பிடித்து மெல்ல வலதுபுறம் இழுத்தாள். ஒரு காது, மூக்கு, மெல்லும் வாய், மறுகாது என்று ஒவ்வொன்றாகத் திரையைவிட்டு வெளியே போயின.

“என்ன, ஆஃப் பண்ணிட்டியா?”

“இல்ல. நீ சாப்பிடு.”

அவள் விட்ட இடத்திலிருந்து தட்டச்சைத் தொடர்ந்தாள். சற்று நேரத்தில் அவனுக்கு விக்கல் எடுத்தது. திரையிலிருந்து கண்ணெடுக்காமலேயே தண்ணீர் பாட்டிலை வலதுபுறமாக நகர்த்தி வைத்தாள்.