தாய் மீன்

"புருஷன் பண்ணைன்னா உனக்குக் கண்ணு தெரியாதா?"

அண்ணன் போட்ட சத்தத்தில், மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த தங்கை நிமிர்ந்தாள்.

அவள் மீன் நோய் டாக்டர். அவர் ட்ரவுட் மீன் குஞ்சு வளர்க்கும் பண்ணைக்காரர். தொட்டியில் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. அந்தக் குஞ்சுகள் பொரிந்த முட்டை, தங்கை புருஷனின் பண்ணையிலிருந்து வந்தது.

"அண்ணே, முதல்ல அந்த பூட்ஸை வெளியே கழட்டுங்க. உங்க தொட்டிக் கிருமி என் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டாம்."

"பேச்சை மாத்தாதே. நோய் எங்கிருந்து வந்துச்சு?"

"என்ன நோய்னு முதல்ல தெரியணும்ல?"

அவர் கொண்டுவந்த குஞ்சு ஒன்றை எடுத்து, வயிற்றைக் கீறினாள்.

"பாருங்க, கண்ணு பிதுங்கியிருக்கு. வயித்துல தண்ணி. சிறுநீரகம் கருஞ்சிவப்பா வழவழன்னு இருக்கணும். இதுல வெள்ளை வெள்ளையா முடிச்சு."

அதில் துளி தொட்டுக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

அண்ணன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஊதாவா, பொடிப்பொடியா, ஜோடி போட்டுக்கிட்டுக் கிடக்கு."

"சிறுநீரகத்தைத் தாக்குற கிருமின்னு நினைக்கிறேன். இன்னொரு சோதனையும் செஞ்சு உறுதிப்படுத்தணும். பொல்லாத கிருமி, அண்ணே. தாய் மீன் பளபளன்னு நீந்திக்கிட்டே இருக்கும். ஆனா முட்டைக்குள்ளயே வெச்சு அனுப்பிடும். முட்டையை மேல எந்த மருந்துல கழுவினாலும் போகாது."

"அப்போ மாப்பிள்ளை பண்ணைதான்!"

"ஆத்துத் தண்ணியிலயும் வரலாம். தாய் மீனை அறுத்துப் பார்க்காம நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன்."

"நல்லா நீந்துற தாய் மீனை எந்த மடையன் அறுக்கக் கொடுப்பான்? மழுப்பு, நல்லா மழுப்பு. கட்டிக்கொடுத்துட்டா கூடப் பொறந்தவளும் அசலூர்தான்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மற்ற பண்ணைக்காரர்களும் அதையேதான் பேசினார்கள். "ஆத்துத் தண்ணின்னு சொல்லி மூடி மறைச்சுடுவா, பாரேன்."

சில நாள் கழித்து எல்லாரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"நோய் முட்டை வழியாத்தான் வந்திருக்கு. முட்டை வந்தது என் வீட்டுக்காரர் பண்ணையிலிருந்து. அங்கே உள்ள தாய் மீன்லயும் அதே கிருமி இருக்கு. இனிமே அங்கிருந்து ஒரு முட்டை வெளியே போகாது. தாய் மீன் அத்தனையையும் அழிக்கச் சொல்லிட்டேன். அண்ணே, வேற இடத்து முட்டையில பொரிச்ச குஞ்சுகளை உடனே தனியாப் பிரிச்சிடுங்க. அதெல்லாம் பிழைக்கும்."

குரல் பிசிறவில்லை.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடி மறைப்பாள் என்று பேசிய அதே வாய்கள் வெளியே வந்ததும் வேறு ராகம் பாடின.

"இவளெல்லாம் ஒரு பொண்டாட்டியா? கட்டினவன் பிழைப்புலயே மண்ணைப் போட்டுட்டாளே!"

குஞ்சுகளைப் பிரித்துவிட்ட கையோடு அண்ணன் மாப்பிள்ளையின் பண்ணைக்குப் போனார். அவரைப் பிடித்து உலுக்கிவிடத்தான் போனார்.

அங்கே தொட்டிகள் வற்றிக் கிடந்தன. சுவரெல்லாம் சுண்ணாம்பு. மாப்பிள்ளை குழிக்குள் மீன்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். முழங்கை நீளத் தாய் மீன்கள். ஒன்றில்கூட ஒரு புண் இல்லை, ஒரு செதில் உதிரவில்லை. ஒவ்வொன்றும் அவர் வருடக்கணக்காகத் தீனி போட்டு வளர்த்தது.

அண்ணன் குழி ஓரமாக வந்து நின்றார்.

"மாப்பிள்ளை... நான் கத்தின கத்துல ரோஷப்பட்டுத்தான் அவ இப்படிப் பண்ணிட்டா. உங்களைக் காட்டிக் கொடுப்பான்னு நான் நினைக்கவே இல்லை. இதை வெச்சு வீட்டுல சண்டை போட்டுடாதீங்க."

மாப்பிள்ளை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"அவ எங்கே மச்சான் காட்டிக் கொடுத்தா? 'என் வீட்டுப் பண்ணையை நானே சோதிக்கிறது முறையில்லை, வெளியிலிருந்து வேற டாக்டரை வரச் சொல்றேன்'னுதான் சொன்னா. அவர் வந்து சேர்றதுக்குள்ள, எந்தத் தொட்டியைக் காப்பாத்துறதுன்னு தெரியாம நீங்க மொத்தத்தையும் பறிகொடுத்துடுவீங்களேன்னு, இருக்கிறதுலயே நல்ல தாய் மீனாப் பிடிச்சு, 'அறுத்துப் பாரு'ன்னு அவ மேசையில வெச்சது நான்தான்."