ஈரப்புடவை

பாலத்துக்கு இந்தப் பக்கத்து நாட்டில் ஏரி இருந்தது. அந்தப் பக்கத்து நாட்டில் நாற்றுகள் கருகிக்கொண்டிருந்தன. கொடுக்க ஆரம்பித்தால் நமக்கே மிஞ்சாது என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். புடவையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் ஏரிக்கரைப் பெண்கள் காலையில் கட்டிய புடவையோடு முங்கி எழுந்து, சொட்டச் சொட்டப் பாலத்தில் நடந்து, அக்கரைப் பாத்திகளில் முந்தானையைப் பிழிந்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்று காவலுக்குப் புது ஆள் வந்திருந்தான். முதலில் வந்த செண்பகவல்லியைக் கைகாட்டி நிறுத்தினான்.

“ஏம்மா, துவட்டிட்டு வரக் கூடாதா?”

“துண்டு எடுத்துட்டு வரல சார்.”

காலடியில் தேங்கும் தண்ணீர் ஒரு நாற்றுக்காவது ஆகுமே என்றுதான் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. அவனும் அந்தத் தேக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நிக்காதீங்க, போங்க. வெயில் ஏறுது, காஞ்சிரும்.”

செண்பகவல்லி எட்டி நடந்தாள்.

அக்கரையில் அவள் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது, பின்னால் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. அதே காவலன். முழங்கால்வரை நனைந்திருந்தான். தலையில் குடம் வைத்தவனைப் போல ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்து வந்தான். பாத்தியோரம் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தான்.

“எந்தச் செடிக்கும்மா இன்னும் ஊத்தல?”